ஜப்பானிய மரக்கட்டை அச்சுக் கண்காட்சியை எப்படிப் பார்ப்பது

ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் பேரலைப் படத்தைப் பார்க்காதவர் யாரும் இருக்க மாட்டார்கள். டீ-ஷர்ட்டில், மொபைல் கவரில், காபிக் கோப்பையில், 2024 ஜூலையில் ஜப்பான் வெளியிட்ட புது ஆயிரம் யென் நோட்டின் பின்பக்கத்தில் என்று எங்கே திரும்பினாலும் அதுதான். சிக்கலும் அங்கேதான். மியூசியத்தில் வரிசையில் நின்று அசலுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தால், ஏ4 தாளைவிடக் கொஞ்சம் பெரிய, லேசாகப் பழுப்பேறிய ஒரு காகிதம் மங்கிய வெளிச்சத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். "இவ்வளவுதானா" என்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவோம். படமாகப் பார்த்தால் அதில் புதிதாக ஒன்றும் கிடைக்காது, ஏற்கெனவே மனப்பாடம். கையால் அச்சடித்த ஒரு தாளாக அதைப் பார்க்க ஆரம்பித்தால்தான் விஷயம் இருக்கிறது: மை எப்படி உட்கார்ந்திருக்கிறது, கட்டை எங்கே தேய்ந்திருக்கிறது, அச்சடித்தவர் கை எங்கே அழுத்தியிருக்கிறது. இது எதுவும் போன் திரையில் தெரியாது. டிக்கெட் காசு அதற்குத்தான் என்பது என் கட்சி, அதனால் கீழே சொல்வது எல்லாம் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

போவதற்கு முன்னால்

நீங்கள் பார்க்க நினைக்கும் படம் அன்றைக்குச் சுவரில் இருக்கிறதா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். இந்த அச்சுகளில் பல நிறங்கள் செடிகொடிகளிலிருந்து எடுத்தவை, வெளிச்சம் படப்பட வெளுத்துக்கொண்டே போகும். அதனால் மியூசியங்கள் விளக்கை 50 லக்ஸ் அளவுக்குக் குறைத்துவைத்து, அதிலும் சில வாரங்கள் அல்லது சில மாதங்கள் மட்டும் காட்டிவிட்டு, திரும்ப இருட்டுக்குள் பூட்டிவிடும். அடுத்த முறை வெளியே வர வருடக்கணக்கில் ஆகலாம். டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தின் பழைய கட்டடமான ஹொன்கானில் 10ஆம் அறை உக்கியோ-எ என்கிற இந்த மரக்கட்டை அச்சுகளுக்கும் எடோ கால (17 முதல் 19ஆம் நூற்றாண்டுவரை) உடைகளுக்கும் ஒதுக்கியது, ஆனால் ஏறக்குறைய மாதம் ஒருமுறை தாள்களை மாற்றிவிடுவார்கள். ஹராஜுகுவில் இருக்கிற ஓதா நினைவு அருங்காட்சியகம் இன்னும் ஒரு படி மேலே, ஒரு கண்காட்சி முடிந்து அடுத்தது தொடங்கும்வரை இடத்தையே மூடிவிடும், தேதி பார்க்காமல் போனால் பூட்டைத்தான் பார்த்துவிட்டு வரவேண்டும். பெரிய கண்காட்சிகளை ஜப்பானில் முன்பாதி, பின்பாதி என்று பிரித்து நடுவில் தாள்களை மாற்றுவது வழக்கம். எந்தத் தாள் எந்தத் தேதிவரை என்கிற பட்டியலை இணையதளத்தில் பெரும்பாலும் போட்டிருப்பார்கள். ஜப்பானிய மொழி தெரியாவிட்டாலும் தேதி எண்களை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம்.

இன்னொன்று, "நிரந்தரக் காட்சி" என்று எழுதியிருந்தால் அங்கே தொங்குவது அசலா என்று கேட்டுக்கொள்ளுங்கள். டோக்கியோவில் ஹொகுசாய் பிறந்த பகுதியிலேயே 2016இல் திறந்த சுமிதா ஹொகுசாய் மியூசியத்தில் நிரந்தர அறையில் இருப்பவை தரமான நகல்கள், அசல்கள் சிறப்புக் கண்காட்சிகளில்தான் வரும். அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, அவர்களே சொல்லிவிடுகிறார்கள். ஆனால் அசலைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் எந்த டிக்கெட் வாங்குவது என்பது அங்கே முக்கியம்.

ஜப்பானுக்குப் போகத்தான் வேண்டும் என்றில்லை. 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் இந்தத் தாள்கள் கட்டுக்கட்டாக வெளிநாடு போய்விட்டதால் லண்டன் பிரிட்டிஷ் மியூசியம், விக்டோரியா அண்ட் ஆல்பர்ட், நியூயார்க் மெட்ரோபாலிடன், சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட், பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் எல்லாவற்றிலும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. பாஸ்டனில் ஒரு வேடிக்கையான தொகுப்பு உண்டு. ஸ்பால்டிங் சகோதரர்கள் 1921இல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அச்சுகளை அதற்குக் கொடுத்தார்கள், ஒரே நிபந்தனையோடு: ஒருபோதும் சுவரில் மாட்டிக் காட்டக் கூடாது. அதனால் அந்தத் தாள்களின் நிறம் வேறு எங்கும் கிடைக்காத அளவுக்குப் புதிதாக இருக்கிறது, நம்மைப் போன்றவர்கள் அதை டிஜிட்டல் படமாகத்தான் பார்க்கமுடியும். கண்காட்சிக்குப் போகும் முன் அந்தப் படங்களில் நாலைந்தை மியூசியத்தின் தளத்தில் பார்த்துவிட்டுப் போங்கள். இந்த நிறங்கள் முதலில் எவ்வளவு கூச்சலாக இருந்தன என்பது தெரிந்தால், சுவரில் இருப்பதை எப்படிக் கணக்குப் போடுவது என்று புரியும்.

கையில் பேனா வேண்டாம், பென்சில் எடுத்துப் போங்கள், பேனாவைப் பார்த்தாலே காவலர் ஓடிவருவார். படிக்கிற கண்ணாடி இருந்தால் கட்டாயம். ஜப்பானில் பலரும் ஒற்றைக்கண் தொலைநோக்கி ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வருவார்கள். வாங்குவதானால் பக்கத்தில் இருப்பதையும் தெளிவாகக் காட்டும் வகையைத்தான் வாங்கவேண்டும், பறவை பார்க்கிற சாதாரணத் தொலைநோக்கி ஒரு முழம் தூரத்தில் இருப்பதைக் காட்டாது. குழந்தைகளைக் கூட்டிப்போகிறவர்கள் ஷுங்கா என்கிற படுக்கையறைப் படங்கள் அதில் இருக்கின்றனவா என்று தளத்தில் பார்த்துக்கொள்வது நல்லது. பெரும்பாலும் முன்கூட்டியே அறிவிப்பு வைத்திருப்பார்கள்.

அந்தத் தாள் எப்படி வந்தது

இதை மட்டும் தெரிந்துகொண்டு போனால் பாதி வேலை முடிந்தது, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

லேபிளில் ஹொகுசாய், ஹிரோஷிகே, உதமாரோ என்று ஒரு பெயர்தான் இருக்கும். உண்மையில் நாலு பேர் வேலை அது. காசு போட்டு, என்ன விற்கும் என்று முடிவு செய்து, மற்ற மூவரையும் அமர்த்துகிறவர் பதிப்பாளர். வரைகிறவர் மெல்லிய தாளில் கருமையால் கோட்டுப்படம் மட்டும் வரைந்து கொடுப்பார். செதுக்குகிறவர் அந்தத் தாளை மலைச் செர்ரிப் பலகையில் குப்புற ஒட்டி, கோடுகளை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடத்தைக் கத்தியால் எடுத்துவிடுவார். அதோடு ஓவியர் வரைந்த தாள் போயிற்று. ஆக, பேரலைக்கு "ஹொகுசாய் கையால் வரைந்த அசல்" என்று தேடினால் கிடைக்காது, அது செதுக்கும்போதே அழிந்துவிட்டது. ஒரு கோட்டுப்படம் பிழைத்திருக்கிறது என்றால் அது அச்சுக்குப் போகவே இல்லை என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். 2020இல் பிரிட்டிஷ் மியூசியம் வாங்கிய ஹொகுசாயின் 103 சிறு கோட்டுப்படங்கள் அப்படி ஒரு புத்தகத்துக்காக வரைந்து, புத்தகம் வராமல் போனதால் தப்பியவை.

கோட்டுப் பலகை தயாரானதும் அதிலிருந்து சில தாள்களைக் கருப்பில் எடுத்து, எந்த நிறம் எங்கே என்று ஓவியர் குறித்துக் கொடுப்பார். ஒவ்வொரு நிறத்துக்கும் தனியாகப் பலகை செதுக்குவார்கள். எல்லாப் பலகைகளிலும் ஒரே இடத்தில், ஒரு மூலையில் 'ட' மாதிரி ஒரு வெட்டும், அதே ஓரத்தில் சற்றுத் தள்ளி ஒரு நேர்வெட்டும் இருக்கும். கெந்தோ என்று பெயர். அச்சடிக்கிறவர் ஈரப்படுத்திய காகிதத்தின் மூலையையும் விளிம்பையும் அந்த வெட்டுகளில் பொருத்திவைத்து இறக்குவார், அதனால் பத்துப் பலகை மாறினாலும் நிறம் கோட்டுக்குள் உட்காரும். அழுத்துவதற்கு இயந்திரம் கிடையாது. மூங்கில் உறை சுற்றிய பாரென் என்கிற வட்டமான தட்டைக் கையில் பிடித்துக் காகிதத்தின் முதுகில் தேய்ப்பதுதான். மை எண்ணெய் மை இல்லை, தண்ணீரில் கரைத்த நிறம், அதோடு கொஞ்சம் அரிசிப் பசை. ஒரு தடவைக்கு 200 தாள் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. நன்றாக விற்றால் திரும்பத் திரும்ப அடிப்பார்கள். விலை ஒரு கிண்ணம் சோபா நூடுல்ஸ் விலையை ஒட்டித்தான் இருந்தது. அப்படி விற்ற பேரலைத் தாள்களில் ஒன்று 2023இல் நியூயார்க் ஏலத்தில் 27 லட்சம் டாலரைத் தாண்டியது வேறு கதை.

இந்தப் பல வண்ண முறை எல்லாக் காலத்திலும் இருந்ததில்லை. அதற்கு முன் கருப்பு மட்டும், அப்புறம் கருப்பு அச்சில் கையால் நிறம் தீட்டியது, அப்புறம் இரண்டு மூன்று நிறம். 1765இல் எடோவின், அதாவது இன்றைய டோக்கியோவின், பணக்கார ரசிகர்கள் புத்தாண்டுக்கு நாட்காட்டிப் படங்களைப் பரிமாறிக்கொள்ள ஆசைப்பட்டு ஓவியர் ஹருனோபுவை அமர்த்தியபோதுதான் முழு வண்ண அச்சு பிறந்தது. அந்த நாட்காட்டிகளில் எவை பெரிய மாதம் (30 நாள்), எவை சின்ன மாதம் (29 நாள்) என்ற எண்களைப் பெண்ணின் உடைப் பூவேலையில் ஒளித்துவைத்திருப்பார்கள். 1765 என்று லேபிளில் பார்த்தால் உடையை உற்றுப் பாருங்கள்.

அறைக்குள் போனதும்

முதலில் வேகமாக ஒரு சுற்று சுற்றிவிடுங்கள். கண் அந்த மங்கல் வெளிச்சத்துக்குப் பழகவும் சில நிமிடம் ஆகும். எல்லாவற்றையும் ஒரே அளவு நேரம் பார்க்க நினைத்தால் ஐம்பதாவது தாளுக்குள் தலை சுற்றிவிடும், ஏழெட்டைத் தேர்ந்தெடுத்து அவற்றுக்குத் திரும்பிவந்து நில்லுங்கள். பிரபலமானதைத்தான் தேர்ந்தெடுக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை. சொல்லப்போனால் பேரலைக்கு முன்னால் கூட்டம் நெருக்கும்போது அடுத்த சுவர் காலியாக இருக்கும்.

கோட்டிலிருந்து ஆரம்பியுங்கள். உதமாரோவின் பெண் முகப்படம் ஏதாவது இருந்தால் நெற்றியோரத்தில், காதுக்கு மேலே, முடி தோலைச் சந்திக்கும் இடத்தைப் பாருங்கள். ஒவ்வொரு இழையும் தனித்தனியாக, மில்லிமீட்டர் இடத்தில் பல இழைகள், நுனி மெலிந்து ஒன்றுமில்லாமல் கரைகிற மாதிரி இருக்கும். இது பேனாவால் இழுத்த கோடு இல்லை என்பதை நினைவில் வையுங்கள். இரண்டு பக்கமும் மரத்தை எடுத்துவிட்டு நடுவில் நிற்கவிட்ட மேடு அது, அதுவும் கடினமான செர்ரி மரத்தில். ஓவியர் அந்த இடத்தில் ஒவ்வொரு முடியையும் வரைந்து கொடுப்பதில்லை, செதுக்குகிறவர் பொறுப்பில் விட்டுவிடுவார். பட்டறையில் தலையும் முடியும் செதுக்குவது மூத்தவர் வேலை, உடம்பும் உடையும் கற்றுக்கொள்கிறவர்களுக்கு. அப்படி ஒருவர் பெயர் லேபிளில் இல்லாதது எனக்கு எப்போதும் உறுத்தும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் சில தாள்களில் செதுக்கியவர் பெயர் சின்னதாக ஓரத்தில் வர ஆரம்பிக்கிறது.

அடுத்து நிறம் கோட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய சினிமா போஸ்டரில் கதாநாயகியின் உதட்டுச் சிவப்பு உதட்டை விட்டு விலகிக் கன்னத்தில் நிற்குமே, அதே விலகல் இங்கேயும் மயிரிழை அளவில் நடக்கும். ஒரு தாளில் எட்டு நிறமும் பிசகாமல் உட்கார்ந்திருந்தால் அது எட்டு முறை ஈரக் காகிதத்தைக் கையால் இறக்கிய ஒருவரின் திறமை. பிசகியிருந்தால் பெரும்பாலும் அவசரத்தில் பிற்பாடு அடித்தது.

அப்புறம் நிறம் கரைகிற இடங்கள். ஹிரோஷிகேயின் நிலக்காட்சிகளில் வானத்தின் மேல்விளிம்பில் ஒரு அடர்நீலப் பட்டை இருக்கும், கீழே வரவர வெளுத்துக் காகித வெள்ளையாகிவிடும். பொகாஷி என்பார்கள். அந்தக் கரைதல் பலகையில் செதுக்கியது இல்லை. பலகையை நனைத்து, நிறத்தைத் தூரிகையில் ஒரு ஓரமாக எடுத்துத் தடவி, ஒவ்வொரு தாளுக்கும் புதிதாகச் செய்வது. அதனால் ஒரே படத்தின் இரண்டு தாள்களில் ஒரே மாதிரி வானம் அமைவது அபூர்வம். 1857இல் வந்த அவருடைய 'ஷின்-ஒஹாஷி பாலத்தின் திடீர் மழை' என்கிற படம் கிடைத்தால் அதில் இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம்: மேலே அச்சடித்தவர் கையால் கரைத்த கருமேகம், அதற்குக் கீழே செதுக்கியவர் விட்டுவைத்த மழைக் கோடுகள், கூர்ந்து பார்த்தால் லேசாக வேறு வேறு கோணத்தில் இரண்டு வகையாக ஒன்றன்மேல் ஒன்று விழும். வான் கோ 1887இல் இந்தப் படத்தை எண்ணெய் வண்ணத்தில் திரும்ப வரைந்தார். தூரிகையால் அவ்வளவு மெல்லிய நேர்கோட்டு மழை அவருக்கு வரவில்லை, வரவேண்டும் என்று நினைத்தாரா என்பதும் சந்தேகம்தான்.

இப்போது நான் அதிகம் வலியுறுத்துவது: குனியுங்கள். வெட்கப்படாமல் முட்டியை மடக்கி, கண் தாளின் மட்டத்துக்குக் கீழே போகிற மாதிரி இறங்கி, பக்கவாட்டிலும் நகர்ந்து பாருங்கள். இந்தத் தாள்கள் சுவரில் மாட்டுவதற்காகச் செய்தவை இல்லை. வீட்டில் தரையில் உட்கார்ந்து, கையில் பிடித்து, பக்கத்திலிருந்து வரும் பகல் வெளிச்சத்திலோ எண்ணெய் விளக்கிலோ திருப்பித் திருப்பிப் பார்த்தவை. மேலே இருந்து விளக்குப் போட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் நேராக நிறுத்தினால் பாதி வேலை மறைந்துவிடும். தாளை நம்மால் சாய்க்க முடியாது, அதனால் நாம்தான் சாயவேண்டும். சாய்ந்து பார்த்தால் ஹருனோபுவின் படங்களில் நேராகப் பார்க்கும்போது வெறும் வெள்ளையாக இருந்த உடையில் பூவேலை மேலெழும்பித் தெரியும். மை தடவாத பலகையில் காகிதத்தை அழுத்தி எடுத்த புடைப்பு அது. பனிக்குவியலுக்கும் கொக்கின் இறகுக்கும் இதே உத்திதான். ஷராகு என்கிற ஓவியரின் நாடக நடிகர் முகங்களுக்குப் பின்னால் இருக்கும் மந்தமான சாம்பல் நிறம், கண் நகர நகரச் சட்டென்று மின்னும். அப்ரகத் (மைக்கா) தூள் கலந்த பின்னணி. சில தாள்களில் கருப்பு உடையின்மேல் அதே கருப்பில் பளபளப்பாக ஒரு கோலம் தெரியும், நேராக நின்றால் தெரியவே தெரியாது. அச்சடித்த பிறகு தாளின் முகத்தையே தேய்த்து மெருகேற்றியது. காவலர் ஒருமாதிரி பார்த்தால் பார்க்கட்டும், கண்ணாடியில் மூச்சுப் படாமல் இருந்தால் போதும்.

மர ரேகை தெரிகிறதா என்றும் பாருங்கள். அகலமாக ஒரே நிறம் பூசிய இடங்களில், குறிப்பாக ஹொகுசாயின் செம்மலை ஃபூஜியின் சரிவிலும் வானத்திலும், பலகையின் வரிகள் அப்படியே பதிந்திருக்கும்.

நிறத்தை நம்பாதீர்கள்

ஹருனோபு காலத்து வானமோ ஆறோ ஒரு மாதிரி மணல் நிறத்தில் இருந்தால், அது மங்கலான ரசனை இல்லை, நீலம் போய்விட்டது. சுயுகுசா என்கிற சின்ன நீலப் பூவிலிருந்து எடுத்த அந்தச் சாயத்துக்கு வெளிச்சமும் ஆகாது, ஈரமும் ஆகாது. குசும்பாப்பூ இளஞ்சிவப்பும் அப்படித்தான் வெளுக்கும். இந்த இரண்டையும் கலந்து செய்த ஊதா பழுப்பாக நின்றுவிடும். "ஜப்பானியர்களின் அடக்கமான நிறத் தேர்வு" என்று எங்கேயாவது படித்தால் கொஞ்சம் சிரித்துக்கொள்ளலாம்.

1830ஐ ஒட்டிய தாள்களுக்கு வரும்போது நீலம் மட்டும் திடீரென்று நேற்று அடித்த மாதிரி இருக்கும். காரணம் பிரஷ்யன் நீலம். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் தற்செயலாகக் கண்டுபிடித்த ரசாயன நிறம், விலை இறங்கி ஜப்பானுக்குள் நிறைய வர ஆரம்பித்ததும் பதிப்பாளர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஹொகுசாய் எழுபதை ஒட்டிய வயதில் செய்த ஃபூஜியின் முப்பத்தாறு காட்சிகள் அந்த அலையில் வந்ததுதான். விற்பனை நன்றாக இருந்ததால் பத்து சேர்த்து 46 ஆக்கினார்கள். பேரலையில் வெளிக்கோடே கருப்பு இல்லை, அடர்நீலம், நெருங்கிப் பாருங்கள். அந்த வானத்தில் மேகம் ஒன்று இருந்தது என்பதும் பலருக்குத் தெரியாது. நன்றாகப் பாதுகாத்த முற்கால அச்சுகளில் அதன் விளிம்பு இன்னும் தெரியும், மற்றவற்றில் சுவடே இல்லை.

முத்திரைகளும் எழுத்தும்

ஜப்பானிய எழுத்து தெரியாவிட்டாலும் சிலதைப் பிடித்துவிடலாம். மூன்று தாள் சேர்ந்த படமானால் வலமிருந்து இடமாகப் பாருங்கள், கதை அந்தத் திசையில்தான் ஓடும். ஓரமாகச் சின்ன வட்டத்துக்குள் ஒரே ஒரு எழுத்து இருந்தால் அது பெரும்பாலும் கிவாமே, தணிக்கை முத்திரை. 1790ஐ ஒட்டி வந்து ஐம்பது வருடம் போல நீடித்தது. தணிக்கை சும்மா பெயருக்கு இல்லை. 16ஆம் நூற்றாண்டுத் தலைவர் தொயொதோமி ஹிதெயோஷியைப் படத்தில் காட்டியதற்காக 1804இல் உதமாரோவைப் பிடித்து 50 நாள் கைவிலங்கு போட்டார்கள், இரண்டு வருடத்தில் இறந்துபோனார். அவர் படங்களையும் ஷராகு படங்களையும் வெளியிட்ட பதிப்பாளர் சுதாயா ஜூசாபுரோவுக்கு 1791இல் சொத்தில் பாதி அபராதமாகப் போயிருந்தது. 1842இல் நடிகர் படங்களுக்கே தடை வந்த பிறகு ஓவியர் குனியோஷி, யாரோ சுவரில் கிறுக்கியதைப் போல நடிகர் முகங்களை வரைந்து வெளியிட்டார். அந்தத் தாள்களில் ஒன்று தொங்கினால் விடாதீர்கள்.

1850களின் தாள்களில் ஆண்டு முத்திரை தனியாக இருக்கும், சீனச் சுழற்சியில் மிருகப் பெயரால். ஹிரோஷிகேயின் எடோவின் நூறு காட்சிகள் 1856 முதல் 1858 வரை வந்தவை, டிராகன், பாம்பு, குதிரை ஆண்டுகள். நடிகர் படங்களில் உடையில் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று சதுரம் தெரிந்தால் அவர் இச்சிகாவா தன்ஜூரோ என்கிற கபுகி நாடக நடிகர் பரம்பரை. ஒருமுறை பிடித்துவிட்டால் அறை முழுக்க அந்தச் சதுரம் கண்ணில் படும்.

முன் அச்சா, பின் அச்சா

ஒரே படத்தின் இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருக்கும் கண்காட்சி கிடைத்தால் அங்கேயே நாற்காலி போட்டுக்கொள்ளலாம். பலகை அச்சடிக்க அடிக்கத் தேயும், மெல்லிய கோடுகள் முதலில் உடையும். பேரலையில் இடது மேல்புறம் தலைப்பு எழுதிய கட்டம் இருக்கிறதல்லவா, அதன் ஓரக்கோட்டில் இடைவெளி விழுந்திருந்தால் தேய்ந்த பலகையில் அடித்தது. கோடு மட்டும் இல்லை, நிறமும் மாறும். செம்மலை ஃபூஜியின் முற்கால அச்சுகளில் மலை செங்கல் சிவப்பாக இருக்காது, இளஞ்சிவப்பாக, வானமும் மென்மையாக, கிட்டத்தட்ட வேறு நேரத்துக் காட்சியாக இருக்கும். எது ஹொகுசாய் மனதில் இருந்தது என்று சண்டை போடலாம். எனக்கு அந்த வெளிறியதுதான் பிடிக்கும். பின் அச்சு என்றதும் முகம் சுளிக்கத் தேவையில்லை, எடோவாசிகள் வாங்கியதில் பெரும்பகுதி அதுதான். ஆனால் லேபிளில் "பிற்கால அச்சு" என்று இருந்தால் அதை வைத்துக் கலைஞரின் நிறத் தேர்வைப் பற்றிப் பேசாதீர்கள். பலகையையே புதிதாகச் செதுக்கி அடித்த மறுபதிப்புகள் தனி வகை. டோக்கியோவில் அதாச்சி பட்டறை இன்றைக்கும் பழைய முறையில் அப்படிச் செய்கிறது, அங்கே போனால் மங்காத நிறத்தை ஒரு அடி தூரத்தில் பார்க்கலாம்.

கடைசி அறையை விட்டுவிட்டு ஓடாதீர்கள். பெரும்பாலும் அங்கே 20ஆம் நூற்றாண்டு இருக்கும், கால் வலித்துவிட்டதால் எல்லோரும் தாண்டிப் போவார்கள். வதனபே ஷோசாபுரோ என்கிற பதிப்பாளர் பழைய நால்வர் முறையைத் திரும்ப உயிர்ப்பித்து வெளியிட்ட, ஓவியர் கவாசே ஹசுயியின் பனிக் காட்சிகளும் இரவுக் காட்சிகளும் அங்கேதான். 1923 நிலநடுக்கத்தில் வதனபேயின் பலகைகளும் சேமிப்பும் எரிந்துபோனதால் அதற்கு முந்தைய தாள்கள் குறைவு, லேபிளில் வருடத்தைப் பாருங்கள். அதே காலத்து ஓவியர் யோஷிதா ஹிரோஷி அதே பாய்மரப் படகுகளை அதே பலகைகளில் நிறம் மட்டும் மாற்றிக் காலை, மதியம், மூடுபனி, இரவு என்று அடித்திருப்பார். அவர் 1930-31இல் இந்தியா வந்து சுற்றிவிட்டுப் போய்த் தாஜ்மஹாலைப் பகலிலும் இரவிலும், உதய்பூரை, ஃபத்தேபூர் சிக்ரியை அச்சாக்கினார். சிக்ரியின் கல் சாளரத்துக்குப் பின்னால் இருக்கும் அந்த மஞ்சள் வெளிச்சத்தை மரத்தில் எப்படிக் கொண்டுவந்தார் என்று நின்று பார்க்கலாம். தாளின் ஓர வெள்ளையில் "தானே அச்சடித்தது" என்கிற ஒரு சின்ன முத்திரை இருந்தால் அது அவர் நேரடி மேற்பார்வையில் வந்தது.

வீட்டுக்கு வந்து

போட்டோ எடுக்க அனுமதி இருந்தால் முழுப்படத்தை எடுக்காதீர்கள், அது இணையத்தில் இதைவிட நன்றாகக் கிடைக்கும். நீங்கள் குனிந்து பார்த்த அந்த மூலையை எடுங்கள், ஃப்ளாஷ் இல்லாமல். லேபிளையும் சேர்த்து எடுங்கள், ஏனென்றால் தொகுப்பு எண் அதில் இருக்கும். கடையில் போஸ்டர் வாங்குவதைவிட, அதே படத்தின் அஞ்சலட்டையை வாங்கிக்கொண்டு, டிக்கெட் அனுமதித்தால் திரும்ப உள்ளே போய் அசலோடு வைத்து ஒப்பிட்டால் அச்சகம் எந்த நிறத்தை எவ்வளவு ஏற்றியிருக்கிறது என்று தெரியும்.

அப்புறம் மெட்ரோபாலிடன், பாஸ்டன், பிரிட்டிஷ் மியூசியம் தளங்களில் அதே படத்தின் வேறு தாள்களைத் தேடுங்கள். எடோவையும் கியோத்தோவையும் இணைத்த தொகாய்தோ சாலையைப் பற்றிய ஹிரோஷிகேயின் தொடர் மாதிரி அதிகம் விற்றவை ஒவ்வொரு இடத்திலும் இருக்கும், 53 தங்குமிடங்களும் இரண்டு முனைகளுமாக 55 படம், பொழுது போவதே தெரியாது. ஒப்பிடும்போது திரை நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், ஒவ்வொரு மியூசியமும் ஒவ்வொரு விளக்கில் படம் எடுத்திருக்கும். கோடு எங்கே உடைந்திருக்கிறது, பொகாஷி எந்த ஓரத்தில் வைத்திருக்கிறார்கள், முத்திரை இருக்கிறதா இல்லையா, இந்த மூன்றை மட்டும் பாருங்கள்.